ஹைப்ரிட் காரில் முழு மைலேஜ் எடுப்பது எப்படி: கடலூர், புதுச்சேரி சாலைகளில் ஓட்டுபவர்களுக்கான வழிகாட்டி

ஹைப்ரிட் கார் வாங்கியவர்களில் பலர் முதல் மாதத்திலேயே ஒரு பழக்கத்துக்கு வந்துவிடுகிறார்கள். பேட்டரியில் மட்டும் ஓடுகிறது என்று காட்டும் இ.வி. விளக்கு மீட்டரில் எரிந்தால் சந்தோஷம், இன்ஜின் சத்தம் கேட்டால் வருத்தம். அந்த விளக்கை அணையவிடாமல் மஞ்சக்குப்பத்திலிருந்து ஆல்பேட்டை வரை ஊர்ந்தே போவார்கள். மாதக் கடைசியில் பங்க்கில் கணக்குப் பார்த்தால் லிட்டருக்கு 17, 18தான் வந்திருக்கும்.

பெட்ரோல் இன்ஜினோடு மின் மோட்டாரும் பேட்டரியும் சேர்ந்த இந்த வண்டிக்கு வெளியிலிருந்து சார்ஜ் போட வழி கிடையாது. பேட்டரியில் இருக்கும் மின்சாரம் முழுக்க நீங்கள் பங்க்கில் காசு கொடுத்து வாங்கிய பெட்ரோலிலிருந்து வந்தது. பெட்ரோலை மின்சாரமாக்கி, பேட்டரியில் வைத்து, திரும்ப எடுத்துச் சக்கரத்துக்குக் கொடுக்கும்போது ஒவ்வொரு இடத்திலும் கொஞ்சம் சிந்துகிறது. ஆகவே பேட்டரியில் எவ்வளவு தூரம் ஓடினோம் என்பது கணக்கே இல்லை. எடுத்த வேகத்தை எவ்வளவு வீணாக்காமல் வைத்திருந்தோம் என்பதுதான் கணக்கு. கீழே உள்ள படிகள் எல்லாம் இந்த ஒன்றிலிருந்து வருபவை.

தொடங்கும் முன்: உங்கள் வண்டி எந்த வகை?

பின்னால் ஹைப்ரிட் என்று எழுதியிருப்பதெல்லாம் ஒரே வகை இல்லை. எர்டிகா, பிரெஸ்ஸா போன்றவற்றில் இருப்பது மைல்டு ஹைப்ரிட். அதில் உள்ள சிறிய மோட்டார் இன்ஜினுக்குக் கை கொடுக்கும், சிக்னலில் இன்ஜினை நிறுத்தி எழுப்பும், அவ்வளவுதான். மோட்டார் தனியாக வண்டியை இழுக்காது.

ஹைரைடர், கிராண்ட் விட்டாரா ஆகியவற்றின் ஸ்ட்ராங் ஹைப்ரிட் மாடல்கள், இன்னோவா ஹைகிராஸ் ஹைப்ரிட், ஹோண்டா சிட்டி இ:ஹெச்.இ.வி. ஆகியவற்றில் மோட்டார் மட்டுமே வண்டியை நகர்த்த முடியும். இந்த வழிகாட்டி இவற்றுக்குத்தான். மைல்டு ஹைப்ரிட் வைத்திருப்பவர்களுக்குக் காற்று, பிரேக், ஏ.சி. பற்றிய பகுதிகள் மட்டும் பொருந்தும்.

இன்னொன்றையும் இங்கேயே மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். ஹைரைடர் ஹைப்ரிடில் உள்ள பேட்டரி 0.76 கிலோவாட் மணிதான். முழு மின்சாரக் காரில் முப்பது, நாற்பது கிலோவாட் மணி இருக்கும். அந்தச் சின்னப் பேட்டரியையும் வண்டி அடிமட்டம் வரை காலி செய்யாது, விளிம்பு வரை நிரப்பவும் செய்யாது, நடுவில் வைத்துத்தான் புழங்கும். சேர்ந்தாற்போல இரண்டு மூன்று கிலோமீட்டர் ஓட்டினாலே இன்ஜின் எழுந்துவிடும். வண்டியின் அமைப்பே அப்படித்தான்.

1. கையில் இருக்க வேண்டியவை

டயர் காற்று பார்க்கும் கேஜ் ஒன்று. டிஜிட்டலாக இருந்தால் நல்லது. ஒரு சின்ன நோட்டு, அல்லது போனில் ஒரு பக்கம். வண்டியோடு வந்த மேனுவல். மூன்று டேங்க் பெட்ரோல் ஓடி முடியும் வரை பொறுமை.

பழக்கத்தை மாற்றும்போது ஒரு டேங்க்குக்கு ஒன்று என்று மாற்றுங்கள். காற்று, ஏ.சி., வேகம் எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் மாற்றிவிட்டால் எதனால் பலன் வந்தது என்று தெரியாது. தெரியாத பழக்கம் நிலைப்பதும் இல்லை.

2. முதலில் அளந்து வையுங்கள்

கம்பெனி சொல்லும் எண்ணை ஓரமாக வையுங்கள். கிராண்ட் விட்டாரா ஸ்ட்ராங் ஹைப்ரிடுக்கு 27.97, ஹைகிராஸ் ஹைப்ரிடுக்கு 23.24 என்று சொல்லப்படும் எண்கள் ஆய்வகத்தில், உருளைகளின் மேல், ஏ.சி. போடாமல் எடுத்தவை. சித்திரை வெயிலில் புதுச்சேரி அண்ணா சாலையில் நிற்கும் வண்டிக்கு அதை எதிர்பார்ப்பது நியாயம் இல்லை. உங்கள் வண்டியின் இன்றைய எண் என்ன என்பதுதான் வேண்டும்.

முறை இது. ஒரு பங்க்கில் ஃபுல் டேங்க் போடச் சொல்லுங்கள். துப்பாக்கி தானாக ஆட்டோ கட் ஆன இடத்தில் நிறுத்தச் சொல்லுங்கள். ட்ரிப் மீட்டரைப் பூஜ்யமாக்குங்கள். முக்கால் டேங்க் காலியான பிறகு அதே பங்க், முடிந்தால் அதே பம்ப், அதே ஆட்டோ கட். ஓடிய கிலோமீட்டரை, போட்ட லிட்டரால் வகுங்கள். 412 கி.மீ. ஓடி 19.6 லிட்டர் பிடித்தால் 21.

இங்கே நடக்கும் தவறு ரவுண்ட் ஃபிகர். ஆட்டோ கட் ஆன பிறகு, "சார், இரண்டாயிரமா ரவுண்ட் பண்ணிடவா?" என்று பங்க் பையன் கேட்பார். சரி என்று தலையாட்டி இன்னும் ஒன்றரை லிட்டர் ஏறிவிட்டால் அதே 412 கி.மீ. 19.5 ஆகிவிடும். வண்டி ஒன்றும் குறைவாகக் கொடுக்கவில்லை, கணக்குத்தான் கெட்டது. கழுத்து வரை பெட்ரோல் ஏற்றுவது, டேங்க்கின் ஆவியைப் பிடிக்கும் அமைப்புக்கும் கேடு.

கடலூர்க்காரர்களுக்கு ஒரு குறிப்பு. புதுச்சேரியில் பெட்ரோல் லிட்டருக்குச் சில ரூபாய் குறைவு என்பதால் முள்ளோடை தாண்டிப் போடுவது வழக்கம். எப்படியும் அந்தப் பக்கம் போகும் நாளில் போட்டால் லாபம். அதற்கென்றே வண்டியை எடுத்துப் போய் வந்தால், போக வர ஆகும் பெட்ரோலையும் நோட்டில் எழுதிப் பாருங்கள். அளக்கும் மூன்று டேங்க்குக்கு மட்டுமாவது ஒரே பங்க்கைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

மீட்டரில் காட்டும் சராசரியைக் கணக்காக எடுக்க வேண்டாம். நேற்றைவிட இன்று கூடியதா குறைந்ததா என்று பார்க்க அது உதவும். உண்மையான எண்ணை பங்க் ரசீதுதான் சொல்லும்.

3. காற்று: வண்டி ஆறியிருக்கும்போது

காலையில் வண்டியை எடுக்கும் முன், வெயில் படுவதற்கு முன், வீட்டு வாசலிலேயே நான்கு டயரையும் கேஜ் வைத்துப் பாருங்கள். சரியான அளவு ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் அட்டையில் இருக்கும். ஆள் குறைவாக இருக்கும்போது ஒரு அளவு, நிறையப் பேரும் சாமானும் இருக்கும்போது ஒரு அளவு என்று இரண்டு இருந்தால், உங்கள் அன்றாடப் பயணத்துக்கு எது பொருந்துமோ அது.

ஏன் ஆறியிருக்கும்போது? டயருக்குள் இருக்கும் காற்று சூடானால் அழுத்தம் ஏறும். ஐந்தாறு டிகிரி செல்சியஸ் கூடினால் கேஜில் கிட்டத்தட்ட ஒரு பாயின்ட் (பி.எஸ்.ஐ.) கூடும். மதியம் இரண்டு மணிக்கு பண்ருட்டியிலிருந்து வந்து நேராகக் காற்று பிடிக்கும் கடையில் நிறுத்தினால் 33 இருக்க வேண்டிய டயர் 37 காட்டும். கடைக்காரர் "காத்து ஜாஸ்தி சார்" என்று நான்கு பாயின்ட் இறக்கிவிடுவார். மறுநாள் காலை டயர் ஆறியதும் அது 29. காற்றைச் சரிபார்க்கப் போனவர் காற்றைக் குறைத்துக்கொண்டு வந்திருப்பார். ஒரு மாதம் முழுக்க டயர் சாலையோடு ஒட்டி உருளும், பெட்ரோல் போகும். இந்தத் தவறைச் செய்யாதவர்கள் குறைவு.

சூடாக இருக்கும்போது பார்த்தே ஆக வேண்டும் என்றால், கூடுதலாகக் காட்டுவதை இறக்க வேண்டாம். குறைவாகக் காட்டினால் மட்டும் ஏற்றுங்கள்.

மைலேஜ் வேண்டும் என்று 40க்கு ஏற்றுபவர்களும் இருக்கிறார்கள். டயரின் நடுப்பகுதி மட்டும் தேயும், மழையில் பிடிப்பு குறையும். அட்டையில் உள்ளதைத் தாண்ட வேண்டாம். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை பார்த்தால் போதும். நைட்ரஜன்தான் வேண்டும் என்பதில்லை. சாதாரணக் காற்றும் சரியான அளவில் இருந்தால் அதே வேலையைச் செய்யும்.

4. எந்த முள்ளைப் பார்ப்பது

வேகம் காட்டும் முள்ளோடு பவர் மீட்டர் ஒன்றும் இருக்கும். சார்ஜ், எகோ, பவர் என்று பொதுவாக மூன்று பகுதி. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் முள் சார்ஜ் பக்கம் விழும். மெல்ல அழுத்தினால் எகோவில் நிற்கும். மிதித்தால் பவருக்குப் போகும். முதல் வாரம் இதன் மேல் ஒரு கண் இருக்கட்டும், ஆனால் சாலையிலிருந்து பார்வையை எடுக்காமல். பத்து நாளில் முள்ளைப் பார்க்காமலே காலுக்குத் தெரிந்துவிடும்.

எகோ மோட் போடலாமா என்று கேட்பார்கள். போடலாம். அது ஆக்சிலரேட்டரை மந்தமாக்கும், ஏ.சி.யையும் கொஞ்சம் அடக்கும். கால் கனமாக இருப்பவர்களுக்கு நல்லது. கால் ஏற்கெனவே பழகியவர்களுக்கு நார்மலிலும் அதே எண் வரும்.

இ.வி. பட்டனை மட்டும் தினப் பழக்கமாக்க வேண்டாம். அதை அழுத்திக்கொண்டு தெருத் தெருவாக ஓடி பேட்டரியைக் கீழே இறக்கினால், அடுத்து இன்ஜின் எழும்போது வண்டியையும் இழுக்க வேண்டும், பேட்டரியையும் நிரப்ப வேண்டும். இரவில் வீட்டு வாசலில் சத்தமில்லாமல் நிறுத்துவதற்கும், ஷெட்டிலிருந்து நான்கடி நகர்த்துவதற்கும்தான் அந்தப் பட்டன்.

5. கிளம்பும் முதல் ஐந்து நிமிடம்

காலையில் ஸ்டார்ட் செய்ததும் பேட்டரி நிறைய இருந்தாலும் இன்ஜின் எழும். இன்ஜினும் புகையைச் சுத்திகரிக்கும் பகுதியும் சூடாக வேண்டும் என்பதற்காக வண்டி அதைத் தானே செய்கிறது. தடுக்க வழியில்லை, தடுக்கவும் கூடாது.

செய்ய வேண்டியது இரண்டுதான். நிறுத்தி வைத்துச் சூடாக்காமல் உடனே கிளம்புங்கள். நின்றபடி ஓடும் இன்ஜின் பூஜ்ய மைலேஜ். கிளம்பியதும் முதல் ஒன்றிரண்டு நிமிடம் மிதிக்காமல் போங்கள். வீட்டுத் தெருவிலிருந்து மெயின் ரோடு வரும் வரை அது தானாகவே அமையும்.

சின்னச் சின்னப் பயணங்கள்தான் ஹைப்ரிடின் எதிரி. காலை பால் வாங்க ஒரு கிலோமீட்டர், பிறகு பள்ளிக்கூடம், பிறகு உழவர் சந்தை என்று வண்டி ஆற ஆற எடுத்தால் ஒவ்வொரு முறையும் சூடாக்கும் பெட்ரோல் தனி. ஒரே சுற்றில் முடியுங்கள். தூரமான இடத்துக்கு முதலில் போய், சூடான வண்டியில் திரும்பும் வழியில் பக்கத்து வேலைகளைப் பாருங்கள். இந்த ஒரு மாற்றத்தில் மட்டும் நகர மைலேஜ் கண்ணுக்குத் தெரிய ஏறும்.

வண்டி சூடாகிவிட்டதா என்று தெரிந்துகொள்ள: நின்றதும் இன்ஜின் தானாக அடங்கினால் சூடாகிவிட்டது. அடங்கவில்லை என்றால் இன்னும் சூடாகிறது, அல்லது பேட்டரி இறங்கியிருக்கிறது.

6. வேகம் எடுப்பது: ஊராதீர்கள்

இங்கேதான் எல்லோரும் தலைகீழாகச் செய்கிறார்கள். முட்டையைக் காலடியில் வைத்ததுபோல மெல்ல மெல்ல அழுத்தி, 0 முதல் 50 வரை முக்கால் கிலோமீட்டர் எடுத்துக்கொள்வார்கள். அந்தத் தூரம் முழுக்கப் பேட்டரி இறங்கும். இறங்கியதும் இன்ஜின் எழுந்து அந்தக் கடனை வட்டியோடு அடைக்கும்.

இந்த இன்ஜின்கள் நடுத்தரச் சுமையில்தான் பெட்ரோலை நன்றாகப் பயன்படுத்துபவை. லேசாக ஓடும்போது திறன் குறைவு, முழுக்க மிதிக்கும்போதும் குறைவு. அதனால்: நகர்ந்ததும் மோட்டாரில் முதல் சில மீட்டர். உடனே முள் எகோவின் மேல் பாதியில் நிற்கும் அளவுக்கு அழுத்துங்கள். இன்ஜின் எழட்டும். பின்னால் வருபவர் ஹாரன் அடிக்காத வேகத்தில் 45, 50க்கு வந்துவிடுங்கள். வந்ததும் காலை ஒரு கணம் முழுக்க எடுத்து, திரும்ப லேசாக வையுங்கள். அந்த ஒரு கணத்தில் இன்ஜின் அடங்கும். அதற்கப்புறம் வேகத்தைப் பிடித்து வைக்கும் சின்ன வேலையை மோட்டார் பார்த்துக்கொள்ளும்.

காலை எடுக்காமல் அப்படியே தளர்த்திக்கொண்டே வந்தால் இன்ஜின் பல நேரம் அடங்காமல் சும்மா ஓடிக்கொண்டே இருக்கும். எடுத்துவிட்டு வைப்பது சின்ன விஷயம்தான், ஆனால் ஒரு நாளில் நூறு முறை வருவது.

முழு மிதி வேண்டிய இடம் ஒன்று உண்டு. பைபாஸில் லாரியை முந்தும்போது தயங்கி மிதிக்க வேண்டாம். அங்கே பெட்ரோலைவிட உயிர் பெரிது.

7. காலை எடுப்பதும் பிரேக்கும்: முக்கால்வாசி மைலேஜ் இங்கேதான்

பிரேக் பிடித்தால் பேட்டரி நிறைகிறது என்பது உண்மை. அதனால் பிரேக் பிடிப்பது லாபம் என்று நினைப்பது தவறு. சக்கரத்திலிருந்து மோட்டார், மோட்டாரிலிருந்து பேட்டரி, திரும்பப் பேட்டரியிலிருந்து மோட்டார், மோட்டாரிலிருந்து சக்கரம் என்று போய் வருவதற்குள் ஒரு பங்கு வெப்பமாகிப் போய்விடும். பிரேக்கே பிடிக்காமல் உருண்டு போவதுதான் முதல் லாபம். பிடித்துத்தான் ஆக வேண்டும் என்றால் மெல்ல, நீளமாகப் பிடிப்பது இரண்டாவது. கடைசி நிமிடத்தில் அமுக்குவது நஷ்டம்.

கடைசியாகச் சொன்னதற்குக் காரணம் உண்டு. ஒரு நேரத்தில் மோட்டாரும் பேட்டரியும் இவ்வளவுதான் வாங்கிக்கொள்ள முடியும் என்று எல்லை இருக்கிறது. அதற்கு மேல் நீங்கள் அமுக்கினால் மிச்சத்தைச் சாதாரண பிரேக் பேட் தேய்த்து நிறுத்தும். வண்டி முழுக்க நிற்கும் கடைசி நொடிகளிலும் பேட்தான் வேலை செய்யும்.

வேகத்தின் கணக்கையும் பாருங்கள். ஓடும் வண்டியில் உள்ள ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். 40இல் இருப்பதைவிட 60இல் இரண்டேகால் மடங்கு இருக்கிறது. சிக்னலுக்கு முன் 60க்கு ஏற்றி, அங்கேயே அமுக்கி நிறுத்துவது, கைக்காசை வாய்க்காலில் போடுவது.

ஒரு இடத்தை எடுத்துக்கொள்வோம். கடலூரிலிருந்து வருகிறீர்கள். தவளக்குப்பம் தாண்டி, அரியாங்குப்பம் கடைத்தெரு தாண்டி, ஆற்றுப் பாலத்தில் ஏறுகிறீர்கள். வேகம் 50. முருங்கப்பாக்கம் வந்ததும் முன்னால் பஸ்களின் பின்விளக்கு சிவப்பாகத் தெரியத் தொடங்கினால் மரப்பாலம் சிக்னலில் வண்டிகள் நிற்கின்றன என்று அர்த்தம். அங்கேயே காலை எடுங்கள். முள் சார்ஜுக்குள் லேசாக விழும். வண்டி 50, 45, 40 என்று தானாக இறங்கும். 40க்கு வந்ததும் பிரேக்கின் மேல் பாதத்தை வைத்து, முள் சார்ஜ் பகுதியின் விளிம்பைத் தொடாத அளவுக்கு மட்டும் அழுத்துங்கள். அழுத்தத்தைக் கூட்டாமல் அப்படியே வையுங்கள். வரிசையின் வாலுக்கு வரும்போது 10, 15தான் இருக்கும். பெரும்பாலான நாளில் அதற்குள் பச்சை விழுந்து வரிசை நகரத் தொடங்கியிருக்கும், நீங்கள் முழுக்க நிற்காமலே சேர்ந்துகொள்வீர்கள். 15இலிருந்து திரும்ப எழுவதற்கு ஆகும் பெட்ரோல், பூஜ்யத்திலிருந்து எழுவதைவிடக் குறைவு.

அதே இடத்தில் பக்கத்து வண்டி 55இல் உங்களைத் தாண்டிப் போய், சிக்னலில் அமுக்கி நின்றிருக்கும். பச்சை விழும்போது இருவரும் ஒன்றாகத்தான் கிளம்புவீர்கள்.

எண் காட்டும் சிக்னலாக இருந்தால் இன்னும் எளிது. சிவப்பில் 40 நொடி இருப்பது தூரத்திலேயே தெரிந்தால் அவசரப்பட ஒன்றும் இல்லை.

இதில் கவனிக்க வேண்டியது பின்கண்ணாடி. பின்னால் தனியார் பஸ் ஒட்டிக்கொண்டு வந்தால் சாலை நடுவில் திடீரென்று காலை எடுக்க வேண்டாம். இடப்பக்கம் ஒதுங்கி வழி விட்டுவிட்டு உங்கள் கணக்கைத் தொடருங்கள்.

கியரை நியூட்ரலில் போட்டு உருட்டும் பழைய டீசல் வண்டிப் பழக்கத்தை விட்டுவிடுங்கள். நியூட்ரலில் பிரேக்கிலிருந்து மின்சாரம் திரும்ப வராது, பேட்டரி நிறையாது. அவசரத்துக்கு மிதித்தால் இழுவையும் இருக்காது.

8. நிற்கும் இடங்கள்

சிக்னலில் கியர் டி-யிலேயே இருக்கட்டும், பிரேக்கில் கால், அல்லது பிரேக் ஹோல்ட் பட்டன். இன்ஜின் தானாக அடங்கியிருக்கும், வேறொன்றும் செய்யத் தேவையில்லை. நீண்ட நேரம் நியூட்ரலில் வைத்து நின்றால் பேட்டரி இறங்கிக்கொண்டே வரும். சார்ஜ் ஏற இன்ஜினுக்கு வழி இருக்காது.

புதுச்சேரி ஏ.எஃப்.டி. ரயில்வே கேட் மூடியிருக்கிறது, ஐந்து நிமிடம் ஆகும் என்றால் பார்க்கில் போடுங்கள். கேட் திறந்ததும் எறும்பு வரிசைபோல நகரும் நெரிசலில்தான் ஹைப்ரிடின் பலம் தெரியும். அங்கே மோட்டாரிலேயே போங்கள். முன்வண்டிக்கும் உங்களுக்கும் ஒரு கார் நீளம் விட்டு, விட்ட இடைவெளியில் நிற்காமல் ஊர்ந்துகொண்டே இருங்கள். ஊர்வது லாபமாகும் ஒரே இடம் இதுதான்.

9. ஏ.சி.: வெயில் ஊரின் பெரிய செலவு

இந்த வண்டிகளில் ஏ.சி. கம்ப்ரெசர் மின்சாரத்தில் ஓடுகிறது. இன்ஜின் அடங்கியிருந்தாலும் குளிர் வரும், சுகம்தான். ஆனால் அந்த மின்சாரம் அதே சின்னப் பேட்டரியிலிருந்து. முகூர்த்த நாளில் திருவந்திபுரம் கோயில் பக்கத்தில் நிறுத்தி, ஏ.சி. போட்டு உள்ளே உட்கார்ந்திருந்தால் சில நிமிடங்களுக்கு ஒரு முறை இன்ஜின் எழுந்து பேட்டரியை நிரப்பி அடங்குவதைப் பார்க்கலாம். ஒரு மணி நேரம் அப்படி இருந்தால் வண்டி நகராமலே பெட்ரோல் போயிருக்கும். காத்திருக்க வேண்டும் என்றால் மர நிழலில் நிறுத்தி வெளியே உட்காருங்கள்.

வெயிலில் நின்ற வண்டியை எடுக்கும்போது வரிசை முக்கியம். நான்கு கதவுக் கண்ணாடியையும் இறக்குங்கள். அரை நிமிடம் ஓடவிடுங்கள், உள்ளே அடைபட்ட சூடு வெளியேறும். பிறகு கண்ணாடியை ஏற்றி, ஏ.சி. போட்டு, வெளிக்காற்றை அடைத்து உள்காற்றே சுற்றும்படி வையுங்கள். நேராக 18இல் வைப்பதால் சீக்கிரம் குளிரும் என்பதில்லை, கம்ப்ரெசர் நீண்ட நேரம் முழு வேகத்தில் ஓடும், அவ்வளவுதான். 25, 26இல் ஆட்டோவில் வையுங்கள்.

ஏ.சி.யை முழுக்க நிறுத்திவிட்டு வியர்த்து விறுவிறுக்க ஓட்டச் சொல்லவில்லை. கடலோரக் காற்றின் ஈரப்பதத்தில் ஓட்டுநர் சோர்ந்தால் மற்ற எல்லாப் பழக்கமும் கெடும். பேட்டரிக்கும் குளிர் வேண்டும். பல மாடல்களில் பேட்டரி, காருக்குள் இருக்கும் காற்றை உறிஞ்சித்தான் தன்னை ஆற்றிக்கொள்கிறது. அதற்கான காற்றுச் சல்லடை எங்கே இருக்கிறது என்று மேனுவலில் பாருங்கள். பெரும்பாலும் பின் இருக்கையை ஒட்டியோ, இருக்கைக்கு அடியிலோ இருக்கும். அதன் மேல் பை, துண்டு, சீட் கவர் எதுவும் மூடக் கூடாது. புதிதாக சீட் கவர் போடும் கடையில் அதையும் சேர்த்து மூடித் தைத்துவிடுவது நடக்கிறது. பேட்டரி சூடானால் வண்டி அதைக் காப்பாற்ற மோட்டாரின் வேலையைக் குறைத்து இன்ஜினை அதிகம் ஓட்டும். காரணம் தெரியாமல் மைலேஜ் விழும்.

10. திறந்த சாலை

நகரத்தில் ஹைப்ரிட் ராஜா. நெடுஞ்சாலையில் அது கிட்டத்தட்டச் சாதாரணப் பெட்ரோல் காருக்குப் பக்கத்தில் வந்துவிடும். பிரேக் இல்லாத இடத்தில் திரும்ப எடுக்க என்ன இருக்கிறது?

இங்கே எதிரி காற்று. காற்றின் எதிர்ப்பும் வேகத்தின் இருமடியில் ஏறுவது. 80ஐ விட்டு 100இல் போனால் ஒன்றரை மடங்குக்கு மேல். புதுச்சேரியிலிருந்து திண்டிவனம் சுமார் 38 கி.மீ. முழுத் தூரமும் 80இல் போனாலும் 100இல் போனாலும் வித்தியாசம் ஆறு நிமிடத்துக்கும் குறைவு. ஒரு டீ குடிக்கும் நேரம். 80, 85இல் க்ரூஸ் கன்ட்ரோல் போட்டு விடுங்கள், சமதளத்தில் அது உங்கள் காலைவிட நிதானமாகப் பிடிக்கும். இ.சி.ஆரில் பேரிகேட் வைத்த ஊர்களுக்குள்ளும் மழையிலும் அதை எடுத்துவிடுங்கள்.

தேவையில்லாதபோது கூரை கேரியரைக் கழற்றி வீட்டில் வையுங்கள். சுமையைவிட, காற்றைத் தடுப்பதுதான் அதன் கெடுதல்.

11. மேடும் இறக்கமும்

நம் பக்கம் சமதளம். கேப்பர் மலை ஏற்றமும், இ.சி.ஆரிலிருந்து குயிலாப்பாளையம் வழியாக ஆரோவில் ஏறும் சாலையும்தான் மேடு என்று சொல்ல இருப்பவை. ஏறும்போது இன்ஜினை விட்டுவிடுங்கள், பேட்டரியிலேயே ஏற முயல வேண்டாம். வேகம் ஐந்து பத்து குறைந்தாலும் கூடுதலாக மிதிக்க வேண்டாம். உச்சி வருவதற்குச் சற்று முன்பே காலைத் தளர்த்துங்கள், மீதியை இறக்கம் கொடுக்கும்.

டொயோட்டா வகை வண்டிகள் பலவற்றில் கியரில் பி (B) என்று ஒன்று இருக்கும். பேட்டரிக்குப் பி என்று நினைத்து நகரம் முழுக்க அதிலேயே ஓட்டுபவர்கள் உண்டு. அது நீண்ட மலை இறக்கத்துக்கானது. இன்ஜினையும் சுற்றவைத்து வண்டியைத் தடுக்கும், அதாவது ஆற்றலை வேண்டுமென்றே வெளியே விடும். எழுபது கொண்டை ஊசி வளைவு உள்ள கொல்லிமலையில் இறங்கும்போது பிரேக் சூடாகாமல் காப்பாற்ற அது கட்டாயம் வேண்டும். கடலூரில் வேண்டாம். ஹோண்டா சிட்டியில் ஸ்டீயரிங்குக்குப் பின்னால் உள்ள பட்டைகள் வேறு வேலை: காலை எடுத்ததும் எவ்வளவு இழுத்துப் பிடிக்க வேண்டும் என்பதைக் கூட்டவும் குறைக்கவும். திறந்த சாலையில் குறைத்து வையுங்கள், நெரிசலில் கூட்டுங்கள்.

12. ஐப்பசி, கார்த்திகை

வடகிழக்குப் பருவமழையில் மைலேஜ் குறைந்தால் பயப்பட வேண்டாம். சாலையில் நிற்கும் தண்ணீரைச் சக்கரம் விலக்கிக்கொண்டே போக வேண்டும், கண்ணாடிப் பனியைப் போக்க ஏ.சி. விடாமல் ஓட வேண்டும். தேங்கிய தண்ணீரின் ஆழம் தெரியாவிட்டால் இறங்காதீர்கள். வண்டி தண்ணீரில் நின்றுவிட்டால் திரும்பத் திரும்ப ஸ்டார்ட் பண்ணிப் பார்க்க வேண்டாம், ஆரஞ்சு நிற ஒயர்களைத் தொடவே வேண்டாம். அவை உயர் மின்னழுத்தம். சர்வீஸ் ஆட்களைக் கூப்பிடுங்கள்.

13. எல்லாம் செய்தும் எண் ஏறவில்லை என்றால்

இந்த வரிசையில் பாருங்கள். முதலில் காற்று, திரும்பவும் காலையில். அடுத்து, சமதளத்தில் 40இல் காலை எடுத்தால் வண்டி இயல்பாக உருள்கிறதா, யாரோ பிடித்து இழுப்பதுபோல் நிற்கிறதா? இழுத்தால் பிரேக் பேட் ஒட்டிக்கொண்டிருக்கலாம். ஹைப்ரிடில் பேட் குறைவாகவே வேலை செய்கிறது, கடலோர உப்புக்காற்றில் வெளியே நிற்கும் வண்டியில் அது துருப்பிடித்து இறுகுவது சகஜம். கொஞ்ச தூரம் ஓட்டி நிறுத்திய பின், சக்கரத்தைத் தொடாமல் கையைப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒரு சக்கரத்தில் மட்டும் அனல் அடித்தால் அதுதான். சர்வீஸில் பேடை அழுத்திப் பிடிக்கும் காலிப்பரைக் கழற்றிச் சுத்தம் செய்து கிரீஸ் வைக்கச் சொல்லுங்கள்.

பிறகு வீல் அலைன்மென்ட். அடுத்தது இன்ஜின் ஆயில்: மேனுவல் 0டபிள்யூ-16 அல்லது 0டபிள்யூ-20 போன்ற மெல்லிய ஆயிலைச் சொல்லியிருக்க, வெளிக் கடையில் "வெயில் ஊருக்குக் கெட்டிதான் நல்லது" என்று 20டபிள்யூ-40 ஊற்றியிருந்தால் மாற்றிவிடுங்கள். டயர் மாற்றிய பிறகு எண் விழுந்திருந்தால், புது டயர் உருளும் தடை அதிகம் உள்ள ரகமாக இருக்கும். அடுத்த முறை வண்டியோடு வந்த அதே ரகத்தைக் கேட்டு வாங்குங்கள்.

பெட்ரோலையும் கணக்கில் சேர்க்க வேண்டும். எத்தனாலில் ஒரு லிட்டருக்கு உள்ள ஆற்றல், பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் போட்டால், முன்பு எழுதி வைத்த எண்ணைவிடக் கொஞ்சம் குறைவாக வருவது இயல்பு. அதனால் ஒப்பிடும்போது பழைய நோட்டின் எண்ணோடு ஒப்பிடாமல், இப்போதைய பெட்ரோலில் முதல் மூன்று டேங்க்கில் எடுத்த எண்ணோடு ஒப்பிடுங்கள்.

கடைசியாக, பேட்டரியின் காற்றுச் சல்லடை. ஃபில்டர் இருக்கும் மாடல் என்றால் சர்வீஸின்போது கழற்றி உங்கள் கண் முன்னாலேயே காட்டச் சொல்லுங்கள். செம்மண் சாலையில் ஓடும் வண்டிகளில் அது பாதி அடைத்திருக்கும்.